பின்சக்கரத்துக்கு மேல் ஒரு பாரம்

ஒக்லாந்தின் விரி பகுதியில் இருக்கும் நம் டிப்போவில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர், வாசலருகே அடுக்கியிருக்கும் மணல் மூட்டைகளைக் காட்டி, "ஒக்லாந்தில் பனி கொட்டுவதே இல்லையே, இது யாருக்கு?" என்று கேட்டாராம். கேட்டவரை எனக்குப் பிடித்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் அப்படிக் கேட்பதற்கு அங்கே மூட்டைகளே இருக்கவில்லை. அவை எப்படி வந்தன என்பதை, ஓய்வு பெற்றுவிட்ட இந்த மேரியிடமிருந்தே கேளுங்கள். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். மின்சாரம் நின்றால் ஓட வேண்டிய ஜெனரேட்டர்கள் ஓடாமல் போனால் நம்மைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் ஒக்லாந்துக்குள் மட்டும் இருப்பதில்லை. தெற்கே எரிமலை மேட்டுநிலம் வரைக்கும் நம் வாடிக்கையாளர்கள் உண்டு. அங்கே குளிர்காலத்தில் வெண்பனி முழங்கால் அளவு விழும். மின்கம்பி அறுவதும் ஜெனரேட்டர் தேவைப்படுவதும் அந்த நாட்களில்தான். ஆகவே வீதி மிக மோசமாக இருக்கும் நாளில்தான் நாம் வீதியில் இருப்போம். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஓட்டுவது யூட். முன்னால் இரண்டு பேர் இருக்க இடம், பின்னால் திறந்த தட்டு. பாரம் ஏற்றுவதற்காகவே செய்த வண்டி. எடை முழுவதும் முன்னால் எஞ்சினில் இருக்க, வண்டியைத் தள்ளும் வேலையைப் பின்சக்கரங்கள் செய்கின்றன. தட்டு வெறுமையாக இருந்தால் பின்சக்கரத்தை நிலத்தோடு அழுத்தி வைக்க எதுவும் இல்லை.

இதை நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. கிளென்ஃபீல்டில் படித்தேன். சேர்ந்த புதிதில், அங்கே ஒரு வீட்டுக்கு வாடகை ஜெனரேட்டர் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டு வாசல் பாதை கூரையைப் போலச் செங்குத்து. மழை பெய்து பாசி பிடித்துக் கிடந்தது. ஜெனரேட்டரோடு அழகாக இறங்கிய யூட், அது இல்லாமல் ஏற மறுத்தது. பின்சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று ரப்பர் மணம் வந்ததே தவிர, ஓர் அடி நகரவில்லை. வீட்டுக்காரர் நல்ல பருத்த மனிதர். அவருடைய தம்பி அவரைவிடப் பருமன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து பின்தட்டில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். "இப்போது போ" என்றார்கள். ஒரே மூச்சில் ஏறிவிட்டது. வீதியில் இப்படி யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, அதைச் செய்யாதீர்கள். ஆனால் அன்று அந்தச் சகோதரர்கள் எனக்குக் கற்பித்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்பித்ததில்லை.

இனி அந்தக் குளிர்கால நாளுக்கு வருகிறேன்.

காலையில் வேலைக்கு வந்து கோப்பியைக் கையில் எடுக்கும்போதே மணியம் கூப்பிட்டார். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர். எந்த வேலைக்கு யார் போவது என்று பிரித்து அனுப்புவது அவருடைய பொறுப்பு. மேட்டுநிலத்து ஊரான ஒஹாகுனேயில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மின்சாரம் நின்றுவிட்டது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மூச்சுக்கு இயந்திரத்தை நம்பியிருக்கும் முதியவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் கைவசம் ஒட்சிசன் சிலிண்டர்கள் இருந்தன, ஆனால் அவை பிற்பகலைத் தாண்டாது. நாலு சக்கரமும் இழுக்கும் யூட்கள் எல்லாம் வேறு ஊர்களுக்குப் போயிருந்தன. மிஞ்சியது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பழைய வெள்ளை யூட்.

"மேரி, அதை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்புங்க லா. கார்த்திக்கும் வர்றாரு. சாமான் எல்லாம் சின்னப் பெட்டிதான், சீட்டுக்குப் பின்னாலயே வச்சிக்கலாம்."

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். ஜெனரேட்டரின் மூளையான மின்னணுப் பலகையில் கைதேர்ந்தவர். நான் இயந்திரப் பக்கம், அவர் மின்னணுப் பக்கம். அப்படித்தான் பெரும்பாலும் சோடியாகப் போவோம்.

நான் யூட்டைப் பார்த்தேன். பின்தட்டு துடைத்து வைத்த மேசைபோல இருந்தது.

"மணியம், எனக்கு அரை மணித்தியாலம் தாங்கோ. பக்கத்து யாட்டில மணல் விக்கினம். பின்னுக்குப் பாரம் போடாமல் உந்த வண்டியோட மலைக்கு ஏறேலாது."

"அரை மணி நேரமா? அங்க வயசானவங்க குளிர்ல கிடக்கறாங்க, நீங்க இங்க மணல் ஏத்திக்கிட்டு இருப்பீங்களா? பனிக்கு டயர்ல மாட்டற சங்கிலிதான் இருக்குல்ல, மாட்டிக்கிட்டுப் போங்க."

"சங்கிலி பிடிக்கிறதுக்கும் சில்லு நிலத்தில அழுந்த வேணும். நான் போய்ச் சேர்ந்தால்தான் அவைக்கு உதவி. நடுவழியில பள்ளத்துக்க கிடந்தால் என்னைத் தூக்க இன்னொரு வண்டி வரவேணும்."

அவர் முகம் சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் இல்லத்து மேலாளர் அழாக்குறையாகப் பேசியதைக் கேட்டவர் அவர்தான். அவசரம் அவருக்குள் இறங்கிவிட்டது. அவசரம் என்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அது உங்கள் கைக்கு வரும்போது ஒரு நிமிடம் நின்று, உண்மையிலேயே எதைச் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று பாருங்கள்.

நான் மறுபேச்சுக்கு நிற்காமல் யூட்டைக் கட்டடச் சாமான் விற்கும் பக்கத்து யாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கூடவே வந்த கார்த்திக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, நம்ம கிட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம் ரெண்டு இருக்குதுங்க. தண்ணி புடிச்சு வச்சுட்டா ஆச்சு. அஞ்சு நிமிஷ வேலை."

"தண்ணி ஓடித் திரியும் கார்த்திக். வளைவில நாங்கள் ஒரு பக்கம் திரும்ப, அது மற்றப் பக்கம் இழுக்கும்."

"அப்ப அந்த காங்கிரீட் கல்லு?"

"பிறேக் அடிச்சால் அது எங்கட முதுகுக்குத்தான் வரும்."

மணல்தான். மூட்டையில் கட்டிய மணல் வைத்த இடத்தில் படிந்து கிடக்கும். நாங்கள் சுமந்து வந்த முதல் மூட்டைகளைக் கார்த்திக் தட்டின் கடைசியில், பின்கதவோரம் போட்டார். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், அது கைக்கு எட்டும் இடம். ஆனால் பின்சக்கரத்துக்கு அப்பால் பாரம் இருந்தால் ஊஞ்சல் பலகைபோல முன்பக்கம் மேலே எழும்பும், ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். தட்டில் ஏறி, மூட்டைகளைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே இழுத்து வைத்து, மேலே வலை போட்டு, பட்டிகளால் இறுக்கினேன். அளவையும் பார்த்துக்கொண்டேன். யூட் எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு நன்றாகக் கீழே நின்றேன். அதிகம் ஏற்றினால் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

ஹமில்ட்டன் தாண்டும் வரை மழை. அதற்குப் பிறகு மழை மெல்ல வெள்ளையாக மாறியது. ரவுரிமு ஏற்றத்தின் அடியில் வீதிப் பணியாளர்கள் தடுத்து, சங்கிலி இல்லாமல் விட மாட்டோம் என்றார்கள். மாட்டினோம். ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வெறும் யூட் பின்புறத்தை நாய் வாலைப்போல ஆட்டிக்கொண்டு போனது. அதற்கும் சங்கிலி இருந்தது. மூன்றாவது வளைவில் அது மெதுவாக, மிக மெதுவாக, குறுக்கே திரும்பி வாய்க்காலோரம் போய் நின்றது. உள்ளே இருந்த மனிதருக்கு ஒன்றும் இல்லை, கையசைத்தார்.

எங்கள் வண்டி ஒரே சீராக ஏறியது. பின்சக்கரம் பனியைக் கடிப்பதை இருக்கை வழியாக என்னால் உணர முடிந்தது. கார்த்திக் திரும்பிப் பின்கண்ணாடி வழியே மணல் மூட்டைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, மணியம் சார் போன் பண்ணா நான் எடுக்கறேனுங்க. நீங்க ஓட்டுங்க" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். பாரம் போட்டால் ஏறும், ஆனால் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பனியில் எந்த வண்டியும் நிற்க நேரம் எடுக்கும். ஏற்றத்தில் கிடைத்த தைரியத்தில் இறக்கத்தில் வேகம் பிடித்தவர்கள் பலரை வாய்க்காலில் பார்த்திருக்கிறேன்.

பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். இல்லம் ஒரு சிறு குன்றின்மேல். கீழே வெளிவாசலிலிருந்து நீண்ட சரிவுப் பாதை. மரநிழலில் இருந்த பாதிப் பாதை கண்ணாடிபோல உறைந்திருந்தது. அதிலும் யூட் ஏறியது. மேலாளர், டெபோரா என்று ஒரு பெண், கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வர மாட்டீர்கள் என்றே நினைத்துவிட்டேன்" என்றாள். அறையின் உள்ளே முதியவர்கள் கம்பளிகளுக்குள் முகம் மட்டும் தெரிய வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பழுது பார்த்த கதை வேண்டாம், நீங்களும் அதைத்தானே தினமும் செய்கிறீர்கள். கார்த்திக்கின் கை அன்று விளையாடியது. எஞ்சின் பிடித்து, கூடத்து விளக்குகள் எரிந்தபோது முதியவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் விசிலும் அடித்தார்.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் டெபோரா ஓடி வந்தாள். ஜோர்ஜ் என்ற முதியவருக்கு மூச்சு மிகவும் மோசமாகிவிட்டது. இயந்திரம் ஓடியும் தேறவில்லை. மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. சங்கிலி மாட்டித்தான் வந்தது. சரிவுப் பாதையின் நடுவரை ஏறி, உறைந்த பகுதியில் பக்கவாட்டில் வழுக்கி வேலியில் உரசி, மெல்லப் பின்வாங்கி வெளிவாசலுக்கே போய்விட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. அதில் வந்த மருத்துவப் பணியாளர்கள் ஓர் ஆணும் பெண்ணும், தூக்குக் கட்டிலோடு நடந்து ஏறப் பார்த்தார்கள். அந்தப் பெண் நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்துவிட்டாள். எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "ஏறுவது கூடப் பரவாயில்லை. ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு இதில் எப்படி இறங்குவது?" என்றாள். இல்லத்தில் இருந்த மணலும் அடுப்புச் சாம்பலும் காலையிலேயே தூவித் தீர்ந்து, அதற்கு மேல் புதுப் பனி உறைந்திருந்தது.

எல்லோரும் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என் யூட்டைப் பார்த்தேன்.

கார்த்திக் என் பார்வையைப் படித்துவிட்டார். கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். "அக்கா, அதைக் கொட்டிட்டா நாம எப்படிங்க திரும்பறது? அந்த ஏத்தத்துல ஒரு வண்டி போனதைப் பார்த்தோமுங்களே."

"தெரியும்."

"பாதி கொட்டலாம். பாதி நமக்கு இருக்கட்டும்."

நான் யோசித்தேன். யோசிக்காமல் வீரம் காட்டினேன் என்று நினைக்காதீர்கள். எனக்கும் பயம் இருந்தது. மூச்சுத் திணறும் ஒருவரைத் திறந்த தட்டில் கிடத்தி அந்தச் சரிவில் இறக்கவும் முடியாது. பாதி என்பது கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் பாதையின் பாதிக்கு மணல் போட்டால், மீதிப் பாதியில் ஜோர்ஜைத் தூக்கி வருகிறவர்கள் விழுவார்கள். பாதி மணலோடு நாங்கள் கிளம்பினால் எங்கள் வண்டி இறக்கத்தில் குறுக்கே திரும்பும். இரண்டு பக்கமும் கெடும். சில முடிவுகளை நடுவில் வெட்டிப் பங்கு போட முடியாது.

"முழுக்கக் கொட்டுவம்" என்றேன். "திரும்புறதைப் பிறகு பாப்பம்."

கத்தியால் மூட்டைகளைக் கிழித்தோம். டெபோராவும் சமையற்காரரும் மண்வெட்டியோடு வந்தார்கள். மேலிருந்து கீழ்வரை, முதலில் சக்கரம் போகும் இரண்டு கோடுகள், பிறகு நடுவில் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதை. வெள்ளைச் சரிவில் மஞ்சள் கோடு இழுத்ததுபோல அது நீண்டது. கடைசி மூட்டையை நானே தோளில் சுமந்துபோய் வளைவில் கொட்டினேன். கார்த்திக் எல்லோரையும்விட வேகமாக அள்ளிப் போட்டார்.

ஆம்புலன்ஸ் மூன்றாம் முறை வந்தது. உறைந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது. எனக்குள் 'அருள் நிறைந்த மரியே' செபம் பாதி ஓடிவிட்டது. பிறகு சங்கிலி மணலைப் பிடித்தது. நேரே மேலே இல்லத்துக் கதவுவரை வந்து நின்றது.

ஜோர்ஜை ஏற்றும்போது அவர் முகமூடிக்குள்ளிருந்து என்னை நோக்கி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இந்த நாட்டு விவசாயிகள் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவார்களே, அப்படி.

ஆம்புலன்ஸ் மறைந்து சிறிது நேரத்தில் மணியம் பேசினார்.

"வேலை முடிஞ்சிருச்சின்னு கார்த்திக் மெசேஜ் போட்டாரு. சூப்பர். இப்பவே கிளம்பி வாங்க. காலையில இங்க ஒரு குளிர்சாதன கிடங்குல வேலை, அந்த யூட் எனக்கு வேணும்."

"இண்டைக்கு நாங்கள் வரேல்லை மணியம்."

"என்னா?"

மணலைக் கொட்டிய கதையைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "சரி, நல்ல காரியம்தான். அதுக்காக அங்கயே தங்கணுமா? போகும்போது போனீங்கல்ல, சங்கிலியோட மெதுவா இறங்குங்க லா" என்றார்.

"போகேக்க பாரம் இருந்தது. இப்ப இல்லை. வெளிச்சமும் போகப் போகுது. வெறும் வண்டியோட நான் இறங்க மாட்டன்."

"வாடிக்கையாளர்கிட்ட நான் என்ன சொல்றது? மேரி வரமாட்டேன்னுட்டாங்கன்னா?"

"ஓம், அப்பிடியே சொல்லுங்கோ. என்ர முடிவெண்டு சொல்லுங்கோ."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் கார்த்திக் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மறுநாள் அவருடைய மகளுக்குப் பிறந்தநாள். ஒக்லாந்தில், த்ரீ கிங்ஸில் இருந்த அவருடைய வீட்டை ஏற்கெனவே அலங்கரித்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். மணியத்துக்குச் சொன்ன 'இல்லை'யைவிட அவருடைய முகத்தைப் பார்த்தது எனக்குக் கடினமாக இருந்தது.

"கார்த்திக், பிள்ளைக்கு நாளைக்குப் பின்னேரம் நீங்கள் போய்ச் சேருவியள். இண்டைக்கு வெளிக்கிட்டால் அதை நான் சொல்லேலாது."

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்து தொலைபேசியை எடுத்தார். பிறகு, "வீட்டுக்குப் போன் பண்ணிட்டு வரேனுங்க" என்று வெளியே போனார்.

இருட்டும் நேரத்தில், கூடத்தில் முதியவர்களோடு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் செய்தி வந்தது. நாங்கள் இறங்க வேண்டிய வீதியில் ஒரு லொறி குறுக்கே சறுக்கிக் கிடந்தது. பின்னால் வந்த கார்கள் இரண்டு அதில் போய் மோதியிருந்தன. வீதியை மூடிவிட்டார்கள். கிளம்பியிருந்தால் ஏறக்குறைய அந்த நேரத்துக்கு அந்த வளைவில்தான் இருந்திருப்போம். கார்த்திக் கரண்டியைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன்.

என் தொலைபேசி அடித்தது. மணியம். குரல் மாறியிருந்தது.

"மேரி, எங்க இருக்கீங்க?"

"இல்லத்திலதான். சூப் குடிக்கிறம்."

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "கார்த்திக்கும்?"

"பக்கத்தில இருக்கிறார்."

"சரி. சரி. நல்லாச் சாப்பிடுங்க" என்றார். கிடங்கு வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

காலையில் வெயில் வந்தது. வீதிப் பணியாளர்கள் சரளை தூவி வீதியைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆனாலும் எங்கள் பின்தட்டு வெறுமைதான். எதை ஏற்றலாம் என்று நானும் கார்த்திக்கும் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய டிராக்டர் இழுவைப் பெட்டியோடு மணல் பாதையில் ஏறி வந்தது. ஓட்டியவர் ஜோர்ஜின் மகன். இரவு முழுவதும் மருத்துவமனையில் இருந்துவிட்டு நேரே வந்திருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார், காலையில் தேநீர் நன்றாக இல்லை என்று குறை சொன்னார் என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

பிறகு இழுவைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மூட்டை மூட்டையாகக் கரட் கிழங்கு. அந்த ஊர் அதற்குத்தான் பேர் போனது.

"உங்கள் மணலை எங்களுக்குக் கொடுத்தீர்கள் என்று டெபோரா சொன்னாள். என்னிடம் மணல் இல்லை. இது போதுமான பாரமா?"

கார்த்திக் வாய்விட்டுச் சிரித்தார். நான் சொல்லுமுன் அவரே தட்டில் ஏறி, முதல் மூட்டையை வாங்கி, அச்சுக்கு நேர் மேலே வைத்தார். வலையைப் போட்டு, பட்டியை இறுக்கி, காலால் உதைத்தும் பார்த்துக்கொண்டார்.

பின்னேரம் விரி டிப்போவுக்குள் நுழைந்தபோது மணியம் முற்றத்திலேயே நின்றார். யூட்டைச் சுற்றி வந்து வலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கரட்டை உருவிச் சட்டையில் துடைத்துக் கடித்தார். மென்றுகொண்டே, "நேத்து நான் பேசினது சரியில்ல, மேரி" என்றார். பிறகு உள்ளே கேட்கும்படியாகவே சொன்னார்: "இனிமே ரோட்டுல இருக்கறவங்க வரமுடியாதுன்னா முடியாதுதான். ஏன்னு கேக்கலாம். வான்னு சொல்லக் கூடாது."

அடுத்த நாளே வாசலில் மணல் மூட்டைகள் வந்து இறங்கின. அவர்தான் வாங்கி அடுக்கினார். அந்த விதி இன்றும் நம் டிப்போவில் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருநாள் தொலைபேசியில் "நான் வரேல்லை" என்று சொல்ல வேண்டி வந்தால் தயங்காதீர்கள். அந்த உரிமை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

நான் ஓட்டிய எந்த வண்டியையும் வேறொரு வண்டி வந்து இழுத்துக்கொண்டு போனதில்லை. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் என்னிடம் யாராவது உன் வேலை வாழ்க்கையில் நீ மிகவும் நன்றாக வண்டி ஓட்டிய நாள் எது என்று கேட்டால், அந்த வெள்ளை யூட் ஒஹாகுனேயில் முற்றத்தில் சும்மா நின்ற அந்த மாலையைத்தான் சொல்வேன்.

திரும்பி வந்த அன்றே அந்தக் கரட் மூட்டைகளை டிப்போ முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தோம். கார்த்திக் இரண்டு மூட்டையை எடுத்துக்கொண்டு த்ரீ கிங்ஸுக்கு ஓடினார். அவருடைய மனைவி விருந்தாளிகளைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்தார். கேக் வெட்டாமல் காத்திருந்தது. நானும் போயிருந்தேன். மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏன் நேற்றே வரவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கார்த்திக் என்னைக் காட்டித் தமிழில் சொன்னார்: "இந்த அத்தை நேத்து கிளம்ப விடலைடா கண்ணு. அதனாலதான் இன்னிக்கு வந்துட்டேன்."